யாகூப் சாய்ந்திருந்த சுவர்

அக்ரப் மாதம் 6, சனி

நிலம் நடுங்கி இருபது நாள் ஆயிற்று. சேதம் பார்க்கும் வேலையில் இன்று ஒன்பது வீடுகள். பழைய சண்டையின் குண்டுத் துளைகளைப் படிவத்தில் சேர்க்கக் கூடாதாம், நடுக்கத்தில் வந்த விரிசல் மட்டும்தான். ஆண்துணை இல்லாமல் பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது உத்தரவு. ஆகவே என் கணவர் யாகூப்பும் கூடவே வருகிறார். வேலை எனக்கு, அலுப்பு அவருக்கு.

அக்ரப் 7, ஞாயிறு

கடைசியாக பீபி ஹாஜிராவின் வீடு. கணவரைச் சண்டையில் இழந்தவர், நான்கு பெண்பிள்ளைகள். ஆண் இல்லாத வீடு என்பதால் யாகூப் வெளியே, பின்சுவரை மறைத்து அடுக்கிய விறகுக்கட்டுகளில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே அறை பளிச்சென்று இருந்தது. புது மண்பூச்சு. ஒரு விரிசல் இல்லை. பாதாம், உலர்திராட்சை, ஏலக்காய் போட்ட தேநீர். பேச்சு கணவன்மார் பக்கம் திரும்பியது. நான் சும்மா இருப்பேனா? சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வெளிப்பக்கம் சுற்றிப் பார்க்காமலே பச்சைக் குறி போட்டுவிட்டேன்: குடியிருக்கலாம், உதவி தேவையில்லை.

அக்ரப் 8, திங்கள்

யாகூப் என்னோடு பேசவில்லை. ரொட்டிகூடக் கேட்கவில்லை.

அக்ரப் 9, செவ்வாய்

வாயைத் திறந்தார்.

"நான் குறட்டை விட்டா கோழி முட்டை போடாதா?"

அதை நான் சொன்னது ஹாஜிராவின் அறைக்குள்!

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யார் சொல்லணும்? என் காதுக்குள்ள உட்கார்ந்து பேசின மாதிரி கேட்டுச்சு. எங்கம்மா சமையலைப் பத்திச் சொன்னதும் கேட்டுச்சு."

முழ அகல மண்சுவர். அதைத் தாண்டி என் குரல் எப்படி— ஐயோ. பச்சை போட்டிருக்கிறேனே! நாளை பட்டியல் அலுவலகத்துக்குப் போகிறது.

அக்ரப் 10, புதன்

விடிந்ததும் ஓடினோம். யாகூப் விறகை நகர்த்தினார். கூரையிலிருந்து அடிவரை பிளவு. கையை விட்டேன், விரல் நுனியில் உள்பூச்சின் ஈரம் தட்டியது.

"ஏன் பீபி இதைப் பூசி மறைச்சீங்க?" என்று கேட்டேன்.

"விருந்தாளி வர்ற நேரத்துல வாயைப் பொளந்த சுவரையா காட்டுவாங்க? நல்லா கேட்டே போ!"

"நான் விருந்தாளி இல்ல, சுவரைப் பார்க்க வந்தவ!"

"டீ குடிச்சியா இல்லையா? அப்போ விருந்தாளிதான்."

பச்சையை அடித்துச் சிவப்பு போட்டேன். மாலையே கூடாரம் வந்தது. ஹாஜிரா வீட்டை விட்டு நகர மாட்டேன் என்றார். "இனி இந்த அறையில ஒரு வாய் டீ குடிக்க மாட்டேன். கூடாரம்னா குடிப்பேன்" என்றேன். முணுமுணுத்தபடி கெட்டிலைத் தூக்கிக்கொண்டார்.

அக்ரப் 13, சனி

நேற்று மறுபடி நடுங்கியது. அந்தப் பின்சுவர் உள்பக்கமாக விழுந்துவிட்டது, சரியாக நாங்கள் உட்கார்ந்து சிரித்த இடத்தில். ஐந்து பேரும் கூடாரத்தில் இருந்தார்கள். கேட்டதும் அழுதுவிட்டேன். ஹாஜிரா சொல்லி அனுப்பியிருக்கிறார்: "வீடு அலங்கோலமா கிடக்கு, தப்பா நினைச்சுக்காதே. டீ தயாரா இருக்கு."

அக்ரப் 16, செவ்வாய்

எனக்காகப் பூசி மெழுகிய வீடுகள் இன்று ஏழு. யாகூப் வெளியே சுவரில் காதை வைத்து உட்கார்ந்தார். நான் உள்ளே இருந்து அவரைத் திட்டினேன். ஐந்து வீடுகளில் சத்தமே இல்லை. இரண்டில் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "பொய் சொல்றா, நம்பாதீங்க!" என்று கத்தினார்.

இரண்டுக்கும் சிவப்பு.