உனக்கெண்டு செய்தது

இஞ்சேருங்கோ,

கர்க்லாண்டில் இருக்கிற உங்கள் வீட்டுக்கு நானும் மகளும் இனி வரமாட்டோம்.

மான் வேட்டைக்கான தோட்டாக்களை நீங்களே செய்வீர்கள். ஒவ்வொன்றையும் டயல் கேஜ் என்ற அளவுக்கருவியில் வைத்து உருட்டி, அதன் ஊசி ஆடுகிறதா என்று பார்ப்பீர்கள். "முனையிலை இருக்கிற சன்னம், அந்த ஈயக்குண்டு, துளி சரிஞ்சாலும், சுடேக்கை விலகிப் போகும்" என்று எனக்கு விளக்கியிருக்கிறீர்கள். கோணலானவை சுட்டுப் பழகுவதற்கு. நேரானவை மானுக்கு.

ஞாயிற்றுக்கிழமை என் உதட்டைக் கிழித்த பிறகும் கீழே போய் அந்த வேலையைத்தான் செய்தீர்கள். ஊசி அசையாத ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். கறுப்புப் பேனையால் அதில் ஓர் எழுத்தை எழுதி, என் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்.

"இது உனக்கெண்டு செய்தது. பிசகாது."

மகள் அதை லிப்ஸ்டிக் என்று நினைத்துக் கையை நீட்டினாள்.

நான் அழவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தேன். மறுநாள் நீங்கள் வேலைக்குப் போனதும் அதைப் பொலிஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இது என்ன கீறல்?" என்று அங்கிருந்த அதிகாரி பிரெஞ்சில் கேட்டார்.

"கீறல் இல்லை. தமிழ். என் பெயரின் முதல் எழுத்து."

அவர் தோட்டாவை மேசையில் வைத்துவிட்டு என் உதட்டைப் பார்த்தார். பிறகு உங்கள் வேட்டைத் துவக்குகள் வீட்டில் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். சொன்னேன்.

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது அவற்றை எடுத்துப் போயிருப்பார்கள். உங்களையும்.

நீங்கள் சொன்னது சரி. அது பிசகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா