படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு நாற்காலி

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் என் வழக்கம், இந்த முறை அந்த வரியிலேயே பேனா நின்றுவிட்டது. பயப்படாதே, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அம்மா பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டே, பிள்ளையைக் கலவரப்படுத்தாதீங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நம் மாடிப்படித் திருப்பத்தில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி கிடக்குமே, விஷயம் அதைப் பற்றித்தான். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் என்று அம்மா கேலி செய்வாள். நானும் உன் சித்தப்பாவும் ஏறும்போது அங்கே உட்கார்ந்துவிடுவோம். நெஞ்சு படபடக்கும், பிறகு தெருச் சத்தமெல்லாம் தூரத்துக்குப் போய்விடும், எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் தண்ணீருக்குள் ஆடுவதுபோல் ஆடும், உடம்பு மெல்ல மெல்ல எங்கேயோ இறங்குகிற மாதிரி ஒரு சுகம். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. அந்த நாற்காலியை வாங்கிப் போட்டதே உன் தாத்தாதான், அவரும் அப்படியே உட்காருவார், நம்ம வம்சமே கனவு காண்ற வம்சம்டா என்று பெருமையாகச் சொல்வார். சித்தப்பாவுக்குக் கனவு என்றே பட்டப்பெயர். பந்து விளையாடப் போன இடத்தில் ஓடும்போதே சுருண்டு விழுந்து அவன் நம்மை விட்டுப் போனபோது, வெயில் தாங்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னோம், அன்று வெயில் அப்படியொன்றும் இல்லை.

போன வாரம் ஒரு கட்டடத்தில் மோட்டார் அறைக்கு ஏணியில் ஏறும்போது அதே சுகம் வந்தது. அங்கே நாற்காலி இல்லை. கண் விழித்தபோது கூட வேலை செய்கிறவன் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். திரையில் என் இதயத்தைப் பார்த்தேன் பாப்பா, சாம்பல் வெளிச்சத்தில் லிஃப்ட் கதவு மாதிரி திறந்து திறந்து மூடியது, நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. இதயத்துச் சதை தடித்திருக்கிறது, ரத்தம் போகிற வழி குறுகியிருக்கிறது, இது பரம்பரையாக வருவது என்றார் டாக்டரம்மா. ஏறினால் மூச்சு வாங்குமா, படபடப்பு உண்டா, நெஞ்சு அடைக்குமா, கண் இருட்டுமா, வீட்டில் யாராவது ஓடும்போது விழுந்திருக்கிறார்களா என்று அவர் கேட்கக் கேட்க, நான் நாற்காலியையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார், ஏணி வேலை கூடாதாம். பிள்ளைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

போன மாதம் போனில் நீ சொன்னாயே, எனக்கும் படிக்கட்டுல ஒரு ஜன்னல் கிடைச்சிருக்குப்பா, ஆபீஸ் விட்டு வந்தா தினமும் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் மேலே போவேன், எல்லாம் மிதக்கிற மாதிரி இருக்கும் என்று. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை, என் மகளாச்சே என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். உன் குணம் எனக்குத் தெரியும், இதைப் படித்ததும் சோதித்துப் பார்க்க மாடிப்படியில் ஓடி ஏறுவாய், வேண்டாம் கண்ணு. இதய டாக்டரிடம் சித்தப்பா கதையையும் என் கதையையும் சொல்லி, ஈசிஜியும் எக்கோவும் எடுத்துக்கொள். ஆஸ்பத்திரிக்குள் லிஃப்டிலேயே போ, அப்பன் தொழிலுக்கு அந்த மரியாதையாவது செய். உனக்கும் அது இருந்தால்கூட, இப்போதே தெரிந்தால் சமாளிக்கலாம் என்கிறார்கள். நீ நூறு வயது குறைவில்லாமல் இருக்க வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்லச் சொன்னாள்.

ஒன்று மட்டும் மறக்காதே. அந்த ஜன்னலிலிருந்து என்னம்மா தெரியுது என்று அன்று கேட்டேன். ஒண்ணுமில்லப்பா, பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான் என்றாய். சுவரைப் பார்க்க யாராவது தினமும் நிற்பார்களா, பாப்பா?

உன் போனுக்காகக் காத்திருக்கும்,
அப்பா