கண்ணுசாமியை உட்கார வைத்துப் பேசுங்க

குத்தகைக்காரர் கண்ணுசாமியை நிலத்தை விட்டு வெளியேற்ற வழக்குப் போட்டதிலிருந்து, அமிர்தலிங்கம் தஞ்சாவூர் கோர்ட்டே கதியென்று கிடந்தார். தங்கையின் பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பிய தர்மாம்பாள், கணவருக்குக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்தாள்:

"வத்தக்குழம்பைச் சுட வச்சுச் சாப்பிடுங்க. நெல்லு கொட்டி வச்சிருக்கிற பத்தாயத்துச் சாவி சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. சாயந்தரம் கண்ணுசாமி சமாதானம் பேச வர்றாரு. நான்தான் வரச் சொன்னேன், கோச்சுக்காதீங்க. உக்கார வச்சுப் பேசுங்க."

மனசு ஆறவில்லை. அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"சட்டம் அவரு பக்கம்னு வக்கீலே சொல்லிட்டாருல்ல. தர்ற நெல்லை வாங்கிக்கிட்டு, அவரே உழட்டும்னு விட்டுடுங்க. நாம சேர்ந்து உக்காந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு! என்னை அழைச்சுட்டு வர ஆளு அனுப்பாதீங்க. நீங்களே வாங்க."