ஓடாவி சீவின கதவு

12.11.92
மழை மூன்றாம் நாள். கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு இருப்பதே ஒரு கதவு, அதுவும் என்னைப் போல ஊதிப்போய் நிற்கிறது. தோளால் இடித்தேன், காலால் உதைத்தேன். இவர் கதிரையில் இருந்து பார்த்துச் சிரிக்கிறார்.

ஆவணியில் விழுந்து எழும்பினதில் இருந்து இவருக்கு மறதி. சாப்பிட்ட கை காய முதல், பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரியிடம் “இன்னும் சோறு தரேல்லை” என்று முறைப்பாடு. அவள் வந்து, “என்னக்கா, அண்ணையைப் பட்டினி போடுறியளோ?” என்றாள்.
“ஓம், மெலிஞ்சால் தூக்கிறது சுகம்” என்றேன்.

இவர் செய்வதை எல்லாம் எழுதி வைக்கச் சொன்னவர் டாக்குத்தர். எழுதப் போனால் கதவைப் பற்றித்தான் வருகிறது.

16.11.92
காலையில் குண்டு போடப் பொம்மர் வந்தது. பதுங்குகிற பங்கர் முற்றத்தில், வாசலில் இருந்து எட்டி வைத்தால் பதினைந்து அடிதான். கதவு திறக்கவில்லை. ஒரு கையில் இவர், மற்றக் கையில் கதவுப் பிடி. இழுக்கிறன், இழுக்கிறன், வரேல்லை. இரண்டு குண்டு விழுந்த பிறகுதான் திறந்தது. பிறகு திறந்து என்ன? நல்லகாலம், தூரத்தில் விழுந்தது.

இந்தக் கதவைச் சரிபண்ணாட்டி இவரை ஒருநாள் வீட்டுக்குள்ளையே சாகக் குடுத்திடுவன்.

17.11.92
விளிம்பில் சவுக்காரம் பூசச் சொன்னாள் பாலேஸ்வரி. கடையில் சவுக்காரத்தைக் கண்டு எவ்வளவு காலம். என்னிடம் இருந்தது நகத்தளவு துண்டு. கதவு குளித்தது, நான் குளிக்கவில்லை. இரண்டு பேரும் முந்தி நின்றபடியே நிற்கிறோம்.

19.11.92
இன்று இவரும் கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.
“எங்கை பயணம்?”
“வள்ளம் பாக்கக் கரைக்குப் போகவேணும்.”
“கதவிட்டைக் கேளுங்கோ, விட்டால் போங்கோ.”
கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு வந்து இருந்தார். பிறகு சோறு கேட்டார்.

24.11.92
வீட்டு வேலை செய்கிற தச்சுக்காரர் ஒருவரும் அரியாலையில் இல்லை. எல்லாரும் சாவகச்சேரிப் பக்கம் போய்விட்டார்கள். கடைசியில் சூசைதாசன் அண்ணையைக் கூட்டிவந்தேன். வள்ளம் கட்டுகிற ஓடாவி. இவர் மீனுக்குப் போன வள்ளமும் அவர் கட்டினதுதான். நேவிக்குப் பயந்து கடலுக்கு ஒருவரும் இறங்காத காலம், அவருக்கும் கையில் வேலை இல்லை.

“அண்ணை, மழைக்குள்ளை சீவலாமோ?”
“மரம் ஊறி நிக்கேக்கைதான் பிள்ளை சரியான அளவு காட்டும்.”
“உது வள்ளம் இல்லை அண்ணை, கதவு.”
“எனக்குச் சொல்லித் தாறியோ? நாப்பது வருசம் மரத்தோடை சீவிக்கிறன்.”

உரசின இடமெல்லாம் தாராளமாகச் சீவினார். இவர் ஒரு சுருளை எடுத்து மணந்து பார்த்து, “வேம்பு” என்றார். சரிதான், வேப்பங்கதவுதான்! மூன்று பேரும் சிரித்தோம். சுண்டுவிரலால் தள்ளினேன், திறந்தது. நான்கு தரம் திறந்து நான்கு தரம் பூட்டினேன், சின்னப் பிள்ளை மாதிரி.

3.12.92
பொம்மர். முப்பது எண்ண முதல் பங்கருக்குள் இருந்தோம். சூசைதாசன் அண்ணைக்கு வாய்க்குச் சர்க்கரை போடவேணும்.

14.1.93
பொங்கல். கதவு நல்ல பிள்ளை. வெளித் தாழ்ப்பாளைப் போட்டால் இவரும் நல்ல பிள்ளை.

9.3.93
என்ன வெயில். கதவு மெலிந்து போச்சு. இடைவெளியால் கோழிக்குஞ்சு உள்ளே வருகிறது. வெளித் தாழ்ப்பாள் நிலையில் உள்ள ஓட்டையை எட்டவில்லை, காற்றுக்கே திறக்கிறது.

சூசைதாசன் அண்ணை வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். “என்ரை கை வள்ளத்துக்குப் பழகின கை பிள்ளை. வள்ளம் தண்ணியிலையே கிடக்கும். உது காயும் எண்டு யோசிக்கேல்லை.”
“ஏன் அண்ணை, வீட்டைத் தூக்கிக் கடலிலை விடுவமோ?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சீவினதைத் திருப்பி ஒட்ட ஏலாதாம். புதுப் பலகைக்கும் ஆணிக்கும் எங்கே போவது?

11.3.93
நான் கிணற்றடியில் நின்றேன். வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, கதிரை வெறுமை.

பாலேஸ்வரிதான் கூட்டிவந்தாள். கடலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாராம். அங்கால் பக்கம் நேவிக்காரன். தலை தெரிந்தால் சுடுவான் என்று ஊருக்கே தெரியும். இவருக்குத் தெரியாது.

இவரைப் பிடிச்சு வைச்சிருந்தது முதல் அந்த ஒட்டின கதவு, பிறகு அதின்ரை தாழ்ப்பாள். நான் ஆளைக் கூப்பிட்டுச் சீவிவிச்சன். நானேதான் கூப்பிட்டன்.

13.3.93
வெளியே கயிற்றால் கட்டினேன். இடைவெளியால் விரலை விட்டு அவிழ்த்துவிட்டார். வேறு முடிச்சுப் போட்டேன், அதுவும். பாலேஸ்வரி வந்து தனக்குத் தெரிந்ததைப் போட்டாள், அதுவும். கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்கிறார். சாப்பிட்டது நினைவில்லாத மனிசனுக்கு ஒரு முடிச்சும் மறக்கேல்லை. சோதினை வைத்தால் முதலாம் பிள்ளை என்று நான்தான் கை தட்டினேன். தட்டிவிட்டு அழுதேன்.

20.3.93
சங்கக்கடையில் நிவாரண அரிசி கொடுத்தார்கள். சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனேன். அரை மணித்தியாலம் என்று நினைத்தேன்.

வரிசையில் நிக்கேக்கை பொம்மர் வந்திட்டுது. எல்லாரும் வாய்க்காலுக்குள்ளை. நானும் விழுந்து கிடக்கிறன், பூட்டைத் திறக்கிற துறப்பு என்ரை கையிலை. வீட்டுப் பக்கமாப் புகை. எழும்ப ஏலாது, பொம்மர்காரன் பதிஞ்சு பதிஞ்சு வாறான். துறப்பைப் பிடிச்சபடி கிடந்தன்.

வந்து பார்த்தன். வீடு நிக்குது. கதவிடைவெளியாலை ஒரு கை வெளியிலை. இவற்றை கை. சங்கிலியைத் தடவித் தடவி முடிச்சைத் தேடுது.

அரிசியை எங்கை விட்டனெண்டு தெரியாது. பூட்டைக் கிணத்துக்குள்ளை போட்டிட்டன்.

21.3.93
கட்டினால் அவிழ்க்கிறார். பூட்டினால் உள்ளே சாவார். விட்டால் கடலில் சாவார். எதைச் செய்ய?

22.3.93
எழுத ஒன்றும் இல்லை.

6.4.93
பின்னேரம் இவர் எழும்பினார். கதவைத் திறந்தார். நான் மறிக்கவில்லை. பின்னாலேயே போனேன்.

கரையில் நாணல் மறைவாகப் பார்த்து இழுத்து இருத்தினேன். இருந்தார். தண்ணீரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.
“ஆரைத் தேடி வந்தனீ பிள்ளை?”
முப்பது வருசம் சோறு போட்டவளிடம் கேட்கிற கேள்வி. எனக்கு வாய் சும்மா இருக்காதே. “என்ரை மனிசனை” என்றேன்.
“ஆர் ஆள்?”
“நாகலிங்கம்.”
“நல்ல தொழில்காரன். வந்தால் சொல்லிவிடுறன். நீ இதிலை நிக்காதை, சுடுவான். வீட்டை போ.”

நான் போகவில்லை. பக்கத்தில் இருந்தேன்.