தோட்டத்துக் கிணற்றில் பிரவீனாவின் நீச்சல் வகுப்பு

உடுமலைப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மகன் சுரேந்தருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றுகளும் நல்ல சுகம், உன் தங்கை பிரவீனா எங்கள் எல்லோரையும்விட ஒரு படி கூடுதலாகவே சுகமாக இருக்கிறாள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்தக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, மனக்குறை இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "கெணத்துலயாம்மா?" என்று கத்த ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது நின்றுபோகும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். பருப்புப் பொடி, எள்ளுருண்டை பார்சலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன், எண்ணெய் படிந்திருந்தால் துடைத்துவிட்டுப் படி.

இந்த வருடம் தென்னையில் வெள்ளை ஈ விழுந்து காய்ப்புக் குறைந்தது உனக்குத் தெரிந்ததுதான். அந்தச் சமயம் பார்த்துப் பிரவீனாவின் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புப் பெண்களைத் திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் சுற்றுலா கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். அவள் இதுவரை கடலையே பார்த்ததில்லை. அப்பாவிடம் கேட்டதற்கு, "அடுத்த வருசம் பாத்துக்கலாம் அம்மணி" என்று சொல்லிவிட்டார். சரி, நீ வருத்தப்படாதே, அண்ணனிடம் கேட்கிறேன் என்று நான் சொன்னதுதான் தாமதம், அவளுக்கு வந்ததே கோபம். "அண்ணன் அந்தக் குளுருல வேலை செய்யறது நான் டூர் போறதுக்குங்களாம்மா? நானே சம்பாரிச்சுப் போறேன்" என்றாள். பள்ளிக்கூட நேரத்துக்கு முன்னாலோ பின்னாலோ என்ன வேண்டுமானாலும் செய், மார்க் குறைந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவேன் என்று அப்பா கண்டிப்பாகச் சொன்னார், அவளும் சரிங்கப்பா என்று தலையை ஆட்டினாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைக் கேள். முதலில் திருப்பூர் பனியன் மூட்டை ஒன்றை வாங்கி வந்தாள். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் கத்தரித்துக் கொடுக்க வேண்டும், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. வாசலில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தவள் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் நம் கன்றுக்குட்டி ஒரு பனியனின் கையை மென்று தின்றுவிட்டது. மூட்டை கொடுத்தவர் மறுநாளே வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார். அடுத்தது போனில் படம் பார்த்து லைக் போட்டால் பணம் என்று ஒரு வேலை. முதலில் நீங்கள் கொஞ்சம் பணம் கட்டுங்கள் என்றார்களாம். "சம்பாரிக்கறதுக்கு நாம எதுக்குங்க காசு குடுக்கோணும்?" என்று கேட்டுவிட்டு அவளே போனை வைத்துவிட்டாள், அந்த மட்டும் எனக்கு நிம்மதி. அப்புறம் நம் மரத்துக் கொய்யாவைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிச் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் விற்றாள். முதல் நாள் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் நாள் இவளும் சிநேகிதிகளும் சேர்ந்து பாதியைத் தின்றுவிட்டார்கள். மூன்றாம் நாள் மரத்தில் கொய்யாவே இல்லை.

அவளோடு படிக்கும் ரிஃபானாவை நீ பார்த்ததில்லை. டவுனில் பழைய டயர் கடை வைத்திருக்கிற அக்பர் அலியின் மகள். ஒரு லீவு நாளில் அவளும் அவள் அம்மா சித்திகாவும் நம் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்ததால் நம் கிணறு மேல் படிவரை நிறைந்து கிடந்தது. பிரவீனா சுடிதாரோடு தொப்பென்று குதித்து அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்திக் காட்ட, ரிஃபானா படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள். அவள் சின்ன வயதில் அமராவதி வாய்க்காலில் வழுக்கி விழுந்து யாரோ தூக்கிவிட்டார்களாம், அதிலிருந்து தண்ணீர் என்றாலே பயம். சித்திகா என்னிடம் வந்து, "அக்கா, நீச்சக்குளத்துல எல்லாம் ஆம்பளைங்க நிக்கறாங்க, எங்க ஊட்டுல அனுப்ப மாட்டேங்கறாங்க. இங்க பொம்பளைப் புள்ளைங்களே சொல்லிக் குடுத்தா சம்பளம் குடுத்தே அனுப்பறேனுங்க" என்றாள். பிரவீனா தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள் பார், அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அப்பா எடுத்ததும் முடியாது என்றார். "ஊரான் புள்ளைங்களக் கெணத்துல எறக்கறது வெளையாட்டுங்களா? ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று என்னிடம் சத்தம் போட்டார். நான் கயிற்றோடு படியிலேயே நிற்பேன், ஒரு நிமிடம்கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார். அக்பர் அலி லாரி டியூப்கள் கொடுத்தனுப்பினார். முதுகில் கட்டிக்கொள்ளக் காலிக் கேன்களை நான் தேடி வைத்தேன். ரிஃபானாவைப் பார்த்து இன்னும் சிலர் வந்து ஆறேழு பெண்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் பெரிய பிள்ளைகள், வந்த பிறகு சின்னப் பிள்ளைகள், ரிஃபானா இரண்டு வேளையும் வருவாள். உன் தங்கை டீச்சர் ஆகிவிட்டாள் கண்ணு. "மூச்ச உடாதீங்க, கால ஒதைங்க, ஒதைங்க" என்று அவள் போடுகிற சத்தம் பக்கத்துத் தோட்டம்வரை கேட்கும். ரிஃபானாவும் எல்லாம் கற்றுக்கொண்டாள், கை வீசுவாள், கால் அடிப்பாள், ஆனால் ஒரு கை எப்போதும் படியைப் பிடித்தபடியே இருக்கும். அதை விடச் சொன்னால் மட்டும் அழுகை வந்துவிடும்.

இனிமேல்தான் நீ கத்தக் கூடாத இடம் வருகிறது. பக்கத்துத் தோட்டத்து அருள்குமாரின் மகள் தன்விகா, ரெண்டாம் வகுப்புக் குழந்தை, அவளும் வந்துகொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் பிரவீனா எதிர்ப்பக்கத்தில் வேறொரு பிள்ளைக்குக் கை பிடித்துக் காட்டிக்கொண்டிருக்க, நான் இன்னொருத்தியின் கயிற்றை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தேன். தன்விகா முதுகில் கட்டியிருந்த கேன் முடிச்சு அவிழ்ந்து தனியாக மிதந்து போய்விட்டது. குழந்தை கத்தவே இல்லை, அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டாள். நான் கயிற்றைப் போட்டுவிட்டுக் குதிப்பதற்குள், படியைப் பிடித்திருந்த ரிஃபானா கையை விட்டாள். விட்டு, நடுக்கிணற்றுக்கு நீந்திப் போய், முங்கி, தன்விகாவின் தலைமுடியைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே பிரவீனாவும் வந்து சேர்ந்து இரண்டு பேருமாகப் படியில் கிடத்தினார்கள். குழந்தை இருமி, தண்ணீரைக் கக்கி, அப்புறம் ஓவென்று அழுததும்தான் எனக்கு உயிர் வந்தது. ரிஃபானா தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு, "அத்தை, நான் உட்டுட்டனுங்க. கைய உட்டுட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்த அப்பா ஒரே வார்த்தையில் போதும் என்றார். பிரவீனா அன்றைக்கு அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, "வாங்கம்மா, எல்லார் ஊட்டுக்கும் போய் நாமளே சொல்லிப்போடலாம். மத்தவங்க சொல்லித் தெரிய வேண்டாம்" என்றாள். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனோம். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அவளே சொன்னாள், தான்தான் முடிச்சைச் சரியாகப் பார்க்கவில்லை என்றாள். தன்விகாவின் அம்மா லோகப்பிரியா குழந்தையை அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வரும்போது பிரவீனா, "டூர் போனாப் போச்சுங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் முதுகைத்தான் பார்க்க முடிந்தது.

மறுநாள் காலையில் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் இரண்டு பேரும் பழக்கத்தில் கிணற்றடிக்குப் போய்விட்டோம். டியூபையெல்லாம் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டர் சத்தம். சித்திகாவும் ரிஃபானாவும். "நேத்து ராத்திரி பூரா எங்க ஊட்டுக்காரரு ஒறம்பரை சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டு என் மக ஒரு உசுரக் காப்பாத்துனானு சொல்லிட்டிருக்காருங்க, இவள இப்ப நிறுத்தச் சொன்னா கேக்கவா போறா?" என்று சித்திகா சிரித்தாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, வரப்பில் லோகப்பிரியா வருகிறாள், கையில் தன்விகா. திட்டத்தான் வருகிறாள் என்று கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தேன். அருகில் வந்தவள், "அத்தை, நேத்து எம் புள்ள முழுகறப்ப நானே பக்கத்துல இருந்திருந்தாலும் கத்தத்தான் முடிஞ்சிருக்கும், குதிக்க முடிஞ்சிருக்காது. மொதல்ல எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள். சித்திகா உடனே, "அப்ப எனக்கும்தானுங்க" என்று செருப்பைக் கழற்றினாள். பிரவீனா என்னைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் இரண்டு பேரும் கிணற்றுக்குள் விழாமல் இருந்ததே பெரிது.

அப்படித்தான் கண்ணு நானும் சம்பாதிக்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில் அம்மாமார் வருகிறார்கள். அவர்களுக்கு நான்தான் டீச்சர். நைட்டியில் காற்றுப் புகுந்து பலூன் மாதிரி ஊதிக்கொண்டு சித்திகா மிதந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு யாருமே நீந்தவில்லை. இப்போது ஒரு பிள்ளை தண்ணீரில் இறங்கினால் அதன் கயிற்றை ஓர் அம்மா பிடித்திருக்க வேண்டும், முடிச்சை இரண்டு பேர் பார்க்க வேண்டும், இது பிரவீனா போட்ட சட்டம். இதைக் கேட்டபிறகுதான் அப்பா மறுபடி சம்மதித்தார். அரைப் பரீட்சையிலும் அவள் மார்க் குறையவில்லை, அதனால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பிரவீனா தன் சம்பாத்தியத்தில் சுற்றுலா போயிருக்கிறாள். நேற்றுத் திருச்செந்தூர்க் கடற்கரையிலிருந்து போன் பண்ணினாள். "அம்மா, கரையோரம் டீச்சருங்க வரிசையா நிக்க நாங்க குளிச்சோமுங்க. நம்ம கெணறு மாதிரி இல்லீங்க, இது நம்மளத் தானாத் தூக்குதுங்க" என்று அலைச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். பக்கத்திலிருந்து ரிஃபானா ஏதோ கத்தினாள், ஒன்றும் புரியவில்லை, ஆனால் சந்தோஷம் புரிந்தது.

நீ பிரவீனாவுக்குத் தனியாக ஒரு போன் போட்டு நல்ல வார்த்தை சொல்லு, பணம் அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. தலைக்கு எண்ணெய் வை, ஈரத் தலையோடு வெளியே போகாதே, பிரிட்ஜில் வைத்த சோற்றை நாள் கணக்கில் சூடு பண்ணிச் சாப்பிடாதே. நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நீண்ட ஆயுசோடு இருக்க நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா,
குழந்தையம்மாள்

பின் குறிப்பு: முக்கியமானதை விட்டுவிட்டேன். உங்களுக்கெல்லாம் நான் நீச்சல் சொல்லிக் கொடுத்த காலத்தில் உன் அப்பா மோட்டார் ரூமில் வேலை இருக்கிறது என்று போய்விடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? முந்தாநாள் மத்தியானம் அம்மாமார் எல்லோரும் போன பிறகு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு லாரி டியூபோடு வந்து நின்றார். "ஏனுங்க, இது எதுக்கு?" என்று கேட்டேன். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "கெணத்துக்காரனுக்கு நீச்சத் தெரியாதுன்னு வெளிய தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றார். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் எனக்கே தெரியாமல் வைத்திருந்திருக்கிறார் பார். நேற்று டியூபை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் தானாகவே வந்துவிட்டார், வந்து படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி சிரித்தார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே சாமி.