முதுவேனில், அபரபக்கம்

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையிலேயே 27 பாகை. ஜன்னலைத் திறந்தால் புகை மணம். வடக்கே காடு எரிகிறதாம். மூடினால் புழுக்கம்.

இன்றைய வேலை: பிரஷர்க் குளிசை வாங்க. லொண்டரி. சரசுவின் மூக்குக்கண்ணாடி (என்ன செய்வது?). கல்வெட்டு.

சரசு போய் முப்பத்தோராம் நாள் ஆகஸ்ட் 19. அன்று வருபவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் 13ஆம் திகதி புதன் அச்சுக்குப் போக வேண்டும். அம்மாவின் படங்களும் ஆங்கிலப் பக்கமும் மகள் வாணியின் பொறுப்பு. ஒஷாவாவிலிருந்து எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் செய்கிறாள். எனக்கு இரண்டு பக்கம். கடைசியில் நன்றி, முதலில் திதி வெண்பா.

இறந்த மாதம், பக்கம் (வளர்பிறையா, அபரபக்கமாகிய தேய்பிறையா), திதி எல்லாம் நாலு வரிக்குள். இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நல்லவை என்று சொல்ல மாட்டேன்; பிழையில்லாதவை. எந்த வீட்டிலும் நான் முதலில் கேட்பது உயிர் போன நேரம்.

சரசுவின் நேரம் எனக்குத் தெரியாது.

யூலை 20, ஞாயிறு. பஞ்சாங்கத்தை ரொறொன்ரோ நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன், பிழைத்திருக்குமோ என்று மறுபடியும் பார்த்தேன். விடியப்புறம் 2.42 வரை தசமி. அதற்குப் பிறகு ஏகாதசி. ஏசிக் குளிர் அவளுக்கு ஒத்துவராது. ஹோலில் செற்றியில், விசிறிக்குக் கீழே படுத்தாள். நான் அறைக்குள், குளிர் வெளியே போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு. ஆறரைக்கு எழும்பி வந்தபோது கை குளிர்ந்திருந்தது. அம்புலன்ஸில் வந்தவர்கள் இதயம் என்றார்கள். வெக்கையும் சேர்ந்திருக்கலாம் என்றார்கள். இறப்புத் தாளில் எழுதிய நேரம் 7.05. அது அவர்கள் வந்த நேரம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்க முன் கேட்க வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டேன். இருந்தும் தடுமாற்றம்.

"பேப்பரிலை என்ன நேரம் கிடக்கு அண்ணை?"

"ஏழு அஞ்சு."

"அப்ப ஏகாதசி. ஏன் மினைக்கெடுறியள்? ஏகாதசியிலை போறதுக்குச் சனம் தவம் கிடக்குது."

"தசமியிலை போயிருந்தா?"

"அப்ப தசமி." சிரித்தார். பிறகு சிரித்தது சரியில்லை என்று நினைத்தாரோ, குரலைத் தணித்தார். "அண்ணை, போனவவைக் கேக்க ஏலுமே? ஒண்டைப் பிடியுங்கோ. வருசா வருசம் அந்தத் திதியிலை செய்யுங்கோ. காணும்."

அதுதான் பயம். வருசா வருசம். பிழையான திதியைப் பிடித்தால் அவள் ஒரு நாள் முந்தி வந்து, இலை போடாத வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். இதை நம்புகிறேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் காட்சி கண்ணுக்குள் வருகிறது. கைப்பையோடு, இந்த லிஃப்ற்றில், பதினேழாம் மாடிக்கு.

வெண்பா, முதல் வரி: *ஆடி அபரபக்கம் ஏகா தசிநாளில்*. தானாக வந்து விழுந்தது. தளை தட்டவில்லை. தட்டாததால் சந்தேகம் கூடியது. *நற்றசமி* என்று மாற்றிப் பார்த்தேன். அதுவும் பொருந்துகிறது. யாப்புக்கு எல்லாம் ஒன்றுதான்.

மூன்று தாள் கிழித்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. குளிசை மறந்து போனேன்.

ஆகஸ்ட் 9, சனி

32 பாகை. வாணி வந்தாள். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு. குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். சரசு வைத்த ஊறுகாய்ப் போத்தல் உள்ளே.

ஆங்கிலப் பக்கத்தைக் காட்டினாள். முதல் வசனம்: அம்மா மிட்சமரில் எங்களை விட்டுப் போனார்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மிட்சமர் எண்டா யூன் 24 பிள்ளை. அம்மா போனது யூலை 20."

"ஆர் சொன்னது?"

"டிக்ஷனரி."

"அப்பா, இஞ்சை ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை. யூலை, ஓகஸ்ற், நல்ல வெக்கை, எல்லாம் மிட்சமர்தான்."

"அச்சிலை வாற விசயம். நாளைக்கு ஆரும் பாத்தா..."

"ஆர் பாக்கப் போகினம்? பரமேசு மாமாவோ? அவருக்கு அம்மாவின்ரை இனிஷலே தெரியாது." சிரித்தாள். சிரித்தபடியே கண் நிறைந்தது. "உது டிக்ஷனரிக்கு எழுதினதில்லை அப்பா. அம்மாவுக்கு எழுதினது."

பிறகு என் செல்போனை எடுத்துப் பார்த்தாள். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சார்ஜரோடு கிடக்கும் சாமான். நான் தொடுவதில்லை, எனக்கு வீட்டுத் தொலைபேசி போதும்.

"எந்த நேரமும் சைலண்டிலை. எத்தினை பேர் எடுத்திருக்கினம் எண்டு பாத்தனீங்களே? நன்றி போடுறதெண்டா இவையின்ரை பேரும் வரவேணும். கீழை கீழை தள்ளிப் பாருங்கோ. பழசு அடியிலை இருக்கும்."

எப்படித் தள்ளுவது என்று இரண்டு தரம் காட்டினாள். மணி அடிக்கவும் வைத்துத் தந்தாள்.

போகும்போது கட்டிப்பிடித்தாள். நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

33. புகை குறைவு.

மிட்சமர் பற்றி. என் பழைய அகராதி: (1) யூன் 24ஐ ஒட்டிய நாள், (2) கோடையின் நடுப்பகுதி. இரண்டாவதைச் சனிக்கிழமை நான் வாசிக்கவில்லை. முதலாவதோடு நிறுத்திவிட்டேன். வாணிக்குச் சொல்ல வேண்டும்.

கீழே தளபாடக் கடைக் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் "மிட்சமர் சேல்". ஆகஸ்ட் முடியும் வரையாம். நூலகப் பெண்ணிடமும் கேட்டேன், கேட்டுவிட்டு வெட்கப்பட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. வெளியே கையைக் காட்டி, இதுதான், இப்போது நடப்பதுதான் என்றாள். திகதி கேட்டேன். தோளைக் குலுக்கினாள். நாளும் நேரமும் கேட்காத சொல். வெக்கை முற்றி நிற்கும் காலம், அவ்வளவுதான்.

தமிழில்? நடுக்கோடை எனலாம். ஆனால் வேறு ஒரு சொல் இருக்கிறது, படிக்கிற காலத்தில் பாடமாக்கியது. ஆனியும் ஆடியும் முதுவேனில். யாழ்ப்பாணத்தில் அது கணக்கில் வராது. வெக்கை சித்திரையில், ஆடியில் சோழகக் காற்று அடிக்கும், கூரைக் கிடுகு பறக்கும். புத்தகத்துக்கு மட்டும் உள்ள சொல் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இங்கேதான் சரியாகப் பொருந்துகிறது. ஆடி மூன்றாம் நாலாம் நாள், ரொறொன்ரோ, முதுவேனில். வாணியின் சொல் சரி.

சரசுவிடம் சொல்லியிருந்தால், "இவ்வளவு நாளும் இதைத்தான் தேடினனீங்களோ, தேத்தண்ணி ஆறுது" என்றிருப்பாள்.

மத்தியானத்துக்குப் பிறகு செல்போன். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பெயராகத் தாளில். மோர்னிங்சைட் சிவா. கோயில் கணக்குப்பிள்ளை. பெயரில்லாத இலக்கங்கள் பல. இரண்டு பேருக்குத் திருப்பி எடுத்தேன். ஒருவர், "ஆள் கஷ்டப்படாமல் போயிட்டா, அதுதான் பெரிய காரியம்" என்றார். ஓம் என்றேன். எல்லோருக்கும் ஓம் என்றுதான் சொல்கிறேன்.

மிச்சம் நாளைக்கு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பட்டியல் முடிந்தது.

யூலை 20 அன்று மட்டும் ஒரு பக்கம் நிறையப் பெயர்கள். எட்டு மணிக்குப் பிறகு எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் கீழே, அந்த நாளின் முதலாவதாக, ஒன்று.

அம்மா. வாணி பதிந்து வைத்த பெயர்.

3.20.

ஹோலிலிருந்து எடுத்திருக்கிறாள். கதவு சாத்தியிருந்தது, ஏசி இரைந்துகொண்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்திருப்பாள், எனக்குக் கேட்கவில்லை. அல்லது கூப்பிடக் குரல் வரவில்லை. போன் குசினியில், சத்தமில்லாமல். அவளுக்குத் தெரிந்திருக்கும் நான் அதைத் தொடுவதில்லை என்று. இருந்தும் எடுத்திருக்கிறாள்.

ஒரு தரம். இரண்டாந்தரம் இல்லை.

2.42க்குப் பிறகு. ஆகவே ஏகாதசி. ஐயமில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஐயருக்கு எடுத்தேன். ஏகாதசி என்றேன்.

"நான் அண்டைக்கே சொன்னனான்தானே. என்னெண்டு முடிவெடுத்தியள்?"

"கணக்குப் பாத்தன்."

"நல்ல சாவு அண்ணை. பாக்கியசாலி."

ஓம் என்றேன்.

வெண்பா எழுதவில்லை. முதல் வரி இருக்கிறது, சரியான வரி. இரண்டாவதுக்குக் கை போகவில்லை. அச்சகத்துக்கு நாலு மணிக்கு முன் அனுப்ப வேண்டும் என்று வாணி எடுத்தாள். செல்போனில். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"வெண்பா எங்கை அப்பா?"

"வேண்டாம். உன்ரை வசனத்தை முதற்பக்கத்திலை போடு."

"எந்த வசனம்?"

"மிட்சமர்."

"அது பிழை எண்டனீங்கள்."

"பிழையில்லை. நான்தான் அரைகுறையாப் பாத்திட்டன்."

"அப்ப திதி? ஆக்கள் கேப்பினமே. ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்திட்டு அம்மாவுக்கு இல்லையோ எண்டு."

"கேக்கட்டும். தமிழிலை முதுவேனில் எண்டு போடு. வேறை ஒண்டும் வேண்டாம்."

"முது... ஸ்பெல்லிங் அனுப்புங்கோ." மூக்கை உறிஞ்சும் சத்தம். "நன்றி லிஸ்ற் எடுத்தாச்சே? எல்லாரும் வந்திட்டினமோ?"

"எல்லாரும்."

"சரி. சனிக்கிழமை வந்து போனைத் துப்புரவாக்கித் தாறன். பழசெல்லாம் நிரம்பிக் கிடக்கு, ஒருக்காப் பாக்கவேணும்."

நன்றிப் பட்டியல் நாற்பத்தொரு பெயர். ஒன்றை எழுதவில்லை.

34 பாகை. ஏசி போடவில்லை. அறைக் கதவு திறந்திருக்கிறது.

செல்போனில் அந்த 3.20 வரியைத் தொட்டுப் பார்த்தேன். அவளுடைய இலக்கத்துக்கு மணி போகத் தொடங்கியது, செற்றிப் பக்கம் இன்னும் சார்ஜரில் கிடக்கும் அவள் போன் அடித்தது. பயந்து நிறுத்திவிட்டேன். இப்போது என் அழைப்பும் பட்டியலில் மேலே ஏறிவிட்டது. சனிக்கிழமை வாணியின் கண்ணில் படும். அழிக்க வேண்டுமா என்று தெரியவில்லை. வேண்டுமென்றாலும் எப்படி அழிப்பது என்று தெரியாது. தெரிந்தவள் வாணி ஒருத்திதான்.