பீஸ் லில்லிக்கு உடம்பு சரியில்லை

மார்ச் 4
பீஸ் லில்லிச் செடி மறுபடியும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு டம்ளர் ஊற்றினேன். இன்னும் என்னதான் வேண்டுமாம்? மருமகள் இருந்தவரை ஜம்மென்றுதான் இருந்தது. போன மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் செடியை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வருவாளா என்று மகனைக் கேட்டால், "விடுங்கம்மா" என்கிறான். எதை விட?

மார்ச் 6
அவளே ஃபோன் செய்தாள். நான் என்னென்னவோ எதிர்பார்க்க, "அத்தை, செடி எப்படி இருக்கு?" என்றாள்.
"தொங்குதும்மா. தண்ணி ஊத்திக்கிட்டேதான் இருக்கேன்."
"ஐயோ, அதான் தப்பு! தண்ணி பத்தலைன்னாலும் தொங்கும், அதிகமானாலும் தொங்கும். மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா ஊத்தாதீங்க."
இரண்டுக்கும் ஒரே மூஞ்சியைக் காட்டினால் மனுஷிக்கு என்ன புரியும்? மகனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 7
விரலை விட்டுப் பார்த்தேன். சேறு.

மார்ச் 13
மறுபடி கூப்பிட்டாள். அழுகின வேரை வெட்டிவிட வேண்டுமாம். நேர் வெயில் ஆகாதாம். பேச்சோடு பேச்சாகப் புது வேலை, அறைத்தோழியின் குறட்டை என்று போய், வயிறு வலிக்கச் சிரித்தோம். மகன் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மார்ச் 24
செடி நிமிர்ந்துவிட்டது! சொல்லலாம் என்று ஃபோனை எடுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. நல்லா ஆயிடுச்சுன்னா அப்புறம் எதுக்குக் கூப்பிடுவா?

மார்ச் 25
"இன்னும் அப்படியேதாம்மா கிடக்கு" என்று சொல்லிவிட்டேன். வாய் கூசவே இல்லை. என்ன பொம்பளை நான்?

ஏப்ரல் 9
போன வாரம் இலை மஞ்சள் என்றேன். நேற்று நுனி கருகல் என்றேன். அவளும் பாவம், குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து மறுநாள் ஊற்றச் சொல்கிறாள். இங்கே வெள்ளை வெளேரென்று ஒரு பூ விட்டிருக்கிறது! பார்க்கவே பயமாக இருக்கிறது. மகனே வேண்டாமென்று போனவளுக்கு நான் யார்? எந்த முறையில் அவளைப் பிடித்து வைக்கிறேன்? ஒன்றும் புரியவில்லை.

ஏப்ரல் 19
நேரில் பார்க்கிறேன் என்று வந்தே விட்டாள். பூவை ஒடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், பாவி.
செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ரொம்ப மோசமாத்தான் இருக்கு அத்தை" என்றாள்.
அழுகை வந்துவிட்டது. "போகாதேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா நீ இல்லாம எனக்குப் பிடிக்கல" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
மகனும் அவளும் உள்ளே உட்கார்ந்து சத்தமில்லாமல் பேசினார்கள். பிரிவது என்று முடிவாகிவிட்டது. அப்புறம் அவள் தரையில் பழைய பேப்பரை விரித்து, செடியைத் தொட்டியிலிருந்து உருவி, வேரோடு இரண்டாகப் பிரித்தாள். பாதியை எடுத்துக்கொண்டு போனாள். பூவிருந்த பாதி எனக்கு.

மே 2
ஃபோன். இனி என்னை என்னவென்று கூப்பிடுவாளோ என்று தயங்கித்தான் எடுத்தேன்.
"அத்தை, என்னோடது தொங்குது. என்ன பண்றதுன்னே தெரியல."
அவளுக்கா தெரியாது! ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.